செவன் நாட் எயிட்டே போதும்

மோனே, திங்கட்கிழமை காலையில் ரைஃபிளை எடுத்துக்கொண்டு அந்தத் துப்பாக்கிப் பட்டறைக்குப் போவதற்கு முன்னால் இதைக் கடைசி வரைக்கும் படித்துவிடு. தமிழில் எழுதியிருக்கிறேனே என்று முகம் சுளிக்காதே. மலையாளத்தில் எழுதினால் ஒரே மூச்சில் படித்து, ஒரே மூச்சில் கோபப்பட்டு, போனை எடுத்துவிடுவாய். வீட்டில் பேசுகிற தமிழையே நீ எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய், கோபமும் கொஞ்சம் மெதுவாக வரும். எனக்கு அந்த நேரம் வேண்டும். இப்போதைக்கு இது உனக்கு மட்டும். நீ படித்துவிட்டுச் சரி என்று சொன்னால், யார் பெயரும் போடாமல் என் ஆன்லைன் பக்கத்தில் எல்லோரும் பார்க்கிற மாதிரிப் போடுவேன். நான் சொன்ன பொய்யும் நாலு பேர் பார்க்கிற இடத்தில் சொன்னதுதானே. நீ வேண்டாம் என்றால் இது உன் போனிலேயே கிடக்கட்டும்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உன் மாமனார் கொடுத்த பழைய ரைஃபிளின் குழல் தேய்ந்துபோய்விட்டது, புதுக் குழல் போடும்போது எந்தத் தோட்டாவுக்கு மாறலாம் என்று அந்த ஊர் மான்வேட்டைக்காரர்களின் ஆன்லைன் குழுவில் போன மாதம் கேட்டிருந்தாய். பதில் சொன்னவர்களில் ஒருவரை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாய். 'ஓல்ட் ஸ்டாக்' என்று பெயர் வைத்துக்கொண்டு, முகத்துக்குப் பதில் ஒரு மான்கொம்புப் படத்தைப் போட்டுக்கொண்டு, நாற்பது வருஷமாக மலையில் வேட்டையாடுகிறேன் என்று சொல்லிக்கொண்ட அந்தக் கிழவர். அவர் சொன்னபடி த்ரீ ஹண்ட்ரட் ஷார்ட் மேக்னம் என்ற பெரிய தோட்டாவுக்குக் குழல் போடப் போகிறேன் என்று வியாழக்கிழமை என்னிடம் சந்தோஷமாகச் சொன்னாய். அந்தக் கிழவர் நான்தான். மட்டாஞ்சேரியில் கொசு மருந்து அடிக்கிற, ஐம்பது வயசான உன் அம்மா. மானை நான் மிருகக்காட்சிசாலைக் கம்பிக்குப் பின்னால்தான் பார்த்திருக்கிறேன். துப்பாக்கியைப் பேங்க் வாசலில் காவல்காரர் மடியில்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போது போனை எடுக்காதே. படி.

நீ வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போன முதல் வருஷம் நம் பேச்செல்லாம் ஆஸ்பத்திரி பற்றித்தான் இருந்தது. எந்த வார்டு, எத்தனை மணி நேர டூட்டி, கஞ்சிக்கு அரிசி எங்கே கிடைக்கிறது. எனக்கு எல்லாம் புரிந்தது. எர்ணாகுளத்தில் நீ நர்சிங் படித்த நான்கு வருஷமும் உன் புத்தகங்களுக்கு அட்டை போட்டவள் நான், கலூரில் நீ இங்கிலீஷ் பரீட்சைக்கு கோச்சிங் போனபோது பஸ் ஸ்டாண்டில் சாயா குடித்துக்கொண்டு காத்திருந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு உன் பேச்சு மாறிவிட்டது. மாமனாரோடு மலைக்குப் போனேன், மாமனார் கால்தடம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார், அந்த ஊர் மான் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவை, குறைக்காவிட்டால் காட்டையே தின்றுவிடும் என்று மாமனார் சொன்னார். நம் காலனியில் ஒருத்தி, உன் மோன் மானைச் சுடுறானாமே, ஜெயில்ல போட மாட்டாங்களா என்று கேட்டபோது நான் விளக்கம் சொல்ல முடியாமல் முழித்தேன். உன் வாழ்க்கையில் எனக்கு விளங்காத ஒரு பாஷை வந்துவிட்டது, அதைப் பேசுகிறவர் வேறு ஒருவர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால் கற்றுக்கொண்டேன். உனக்கு என்னைத் தெரியும், ஒன்றைப் பிடித்தால் விடமாட்டேன். மத்தியானச் சோற்று நேரத்தில், பஜார் ரோட்டில் மூடிக்கிடக்கிற ஒரு குடோன் படியில் உட்கார்ந்து, காதில் ஒயரை மாட்டிக்கொண்டு வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். முதலில் உனக்காகத்தான் பார்த்தேன். பத்தாவது நாளில் எனக்காகவே பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வெறி பிடித்துவிட்டது. ஒரு குழலுக்குள்ளே திருகு திருகாக வரி வெட்டியிருப்பார்கள் என்பதும், அந்த வரிதான் குண்டைப் பம்பரம் மாதிரி சுற்றவிட்டு நேராக அனுப்புகிறது என்பதும் தெரிந்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட போலீஸ்காரர் கையில் இருக்கும் த்ரீ நாட் த்ரீ தெரியும். அதற்கு மேல் ஒரு உலகமே இருக்கிறது என்று யார் கண்டார்கள். உன் ரைஃபிளுக்குப் போடுகிற த்ரீ நாட் எயிட் தோட்டாவின் கழுத்தை மட்டும் குறுக்கினால் செவன் எம்எம் நாட் எயிட், இன்னும் குறுக்கினால் டூ ஃபார்ட்டி த்ரீ, மூன்றுக்கும் அடிப்பாகம் ஒன்றேதான், அதனால் மூன்றுக்கும் தோட்டாவைப் பூட்டுகிற போல்ட் ஒன்றே, தோட்டா அடுக்குகிற மேகசின் ஒன்றே, குழலை மட்டும் மாற்றினால் போதும். ஒரே வயிற்றில் பிறந்த மூன்று பிள்ளைகள் மாதிரி. இதை உன் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டே, மூணு பேர்ல யாருக்குடீ கல்யாணம் என்று கேட்டார்.

என் தோளில் இருக்கிற ஒரே குழல் புகை மெஷின் குழல்தான். நீ சின்னப் பிள்ளையில் அதன் பின்னாலேயே ஓடிவருவாய், கூட்டாளிகளிடம் எங்க அம்மாகிட்ட துப்பாக்கி இருக்கு என்று பீற்றிக்கொள்வாய். உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. அந்த மெஷின் சூடாகும், அதிரும், காதைக் கிழிக்கும், ஆனால் உதைக்காது. துப்பாக்கி பற்றி எனக்குத் தெரியாத ஒரே விஷயம் சுடும்போது தோளில் விழுகிற அந்த உதைதான். எந்த வீடியோவும் அதைத் தோளுக்குச் சொல்லிக்கொடுக்காது. இதை மறக்காமல் வைத்துக்கொள், நான் செய்த தப்பு முழுக்க அங்கேதான் நிற்கிறது.

பொறாமையைச் சொல்கிறேன். உன் கல்யாணத்துக்கு எனக்கு விசா கிடைக்கவில்லை, நாங்கள் போனில்தான் பார்த்தோம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், போனை சோற்றுப் பாத்திரத்தில் சாய்த்து வைத்திருந்தோம். மருமகள் வந்தாள், அழகாக இருந்தாள், அவள்மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, இது சத்தியம். உன் கழுத்தில் டை கோணலாக இருந்தது. அவள் அப்பா கூட்டத்திலிருந்து எழுந்து வந்து, உன் முன்னால் குனிந்து நின்று, அதை நேராக்கிவிட்டு, உன் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டினார். நீ சிரித்தாய். டாட் என்று ஏதோ சொன்னாய். கோணல் டையை நானும்தான் பார்த்தேன், மூன்று நிமிஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன், போனைத் தொட்டு என்ன செய்ய. அந்த நிமிஷம் முதல் அந்த மனிதர் எது செய்தாலும் எனக்குக் குத்தியது. அவர் உனக்குக் குளிர்கோட்டு வாங்கிக்கொடுத்தால் குத்தியது. அவர் இடுப்பு ஆபரேஷனுக்கு நீ லீவு போட்டுக் கூட இருந்தாய் என்று கேட்டபோது, எனக்குச் சிக்குன்குனியா வந்து ஒரு மாதம் முடங்கிக் கிடந்ததை ஏன் உன்னிடம் மறைத்தோம் என்று இருந்தது.

இது எனக்குப் புதுசும் இல்லை. நீ நாலாம் கிளாஸ் படிக்கும்போது திருப்பூணித்துறையிலிருந்து வந்து படகு ஜெட்டி பக்கம் ட்யூஷன் எடுத்த டீச்சரை உனக்கு ஞாபகம் இருக்கும். டீச்சர் சொன்னாங்க, டீச்சர் சிரிச்சாங்க, டீச்சருக்குப் பருப்புவடை பிடிக்கும். ஒருநாள் நான் வடை சுட்டபோது நாலு எடுத்து டிபனில் வைத்து, இது டீச்சருக்கு என்றாய். அடுத்த மாதம் ட்யூஷனை நிறுத்தினேன். ஃபீஸ் கட்ட முடியவில்லை என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். அந்த வருஷம் கணக்கில் தோற்றுப்போய், வீட்டில் கஷ்டம் இருக்கும்போது தோற்றுட்டேனே அம்மா என்று நீ என்னிடமே வந்து அழுதாய். நான் உன்னைத் தட்டிக்கொடுத்தேன். இருபது வருஷமாக அதை யாரிடமும் சொல்லவில்லை. உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உன்னைவிட வேறு யாரையாவது ஆசையாகப் பார்த்தால், தயவுசெய்து அன்றைக்கு எந்த முடிவும் எடுக்காதே. ஒரு வாரம் பொறு. அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த புத்தி, அதையும் நான் ஒருதரம்கூடக் கடைப்பிடித்ததில்லை.

இப்போது அந்தப் பெண்மான் விஷயத்துக்கு வருகிறேன். போன சீசனில் நீ சுட்ட மான் விழாமல் ஓடிவிட்டது. சாயங்காலம் வரைக்கும் நீயும் மாமனாரும் ரத்தத்துளியைப் பார்த்துக்கொண்டே தேடினீர்கள், ஒரு ஓடையில் துளி நின்றுவிட்டது, மான் கிடைக்கவில்லை. இரண்டு நாள் கழித்து எனக்குப் போன் செய்தாய். சோறு இறங்கவில்லை என்றாய். வார்டில் ஒரு நோயாளி முனகினால்கூட அந்த மான்தான் ஞாபகம் வருகிறது என்றாய். பிறகு சொன்னாய்.

"சுடுறதுக்கு முன்னாடியே ஒடம்பு பின்னாடி போயிடுதும்மா. உதைக்கும்னு தெரியும்ல, அதான். இல்லன்னா அந்தக் குண்டுதான் பலம் பத்தலையோ என்னவோ, எனக்கே அறியில்ல. யாருகிட்டயும் சொல்லண்டா. டாட் கிட்ட சொல்லவே மாட்டேன், நாணக்கேடு."

எனக்கு அழுகை வந்தது, உண்மைதான். ஆனால் அழுகைக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அவரிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொல்கிறான், இது ஒன்று என்னிடம் மட்டும் இருக்கிறது என்ற சந்தோஷம். உன் வேதனையை நான் நகை மாதிரிப் பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டேன்.

பிறகு குழுவில் உன் கேள்வி வந்தது. நீ பெயர் போடவில்லை, ஆனால் ரைஃபிளை வைத்துப் படமெடுத்திருந்த மேஜைவிரிப்பு நான் பின்னி அனுப்பியது. குழுவில் நான் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. சும்மா படிக்கத்தான் சேர்ந்தேன். பொம்பளைப் பெயர் போட்டால், அதுவும் கொச்சி என்று போட்டால், யார் என்ன கேட்பார்களோ என்று அந்தக் கிழவர் வேஷம். உன் கேள்வியிலேயே எழுதியிருந்தாய், மாமனார் செவன் நாட் எயிட் போடச் சொல்கிறார், மிதமான கனமுள்ள குழல் போடச் சொல்கிறார், மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று. மாமனார் சொல்கிறார் என்ற அந்த வார்த்தையைத் தாண்டி நான் எதையும் படிக்கவில்லை. அவர் சின்னது என்றால் நான் பெரியது. அவர் கனமான குழல் என்றால் நான் மெல்லிய குழல். மொழிபெயர்க்கிற ஆப்பில் போட்டு இரண்டே வரி எழுதினேன். சின்னத் தோட்டாதான் மானைக் காயப்படுத்தி ஓடவிடும், முந்நூறு மேக்னம் போடு, அடிபட்ட மானைத் தேடி அலைய வேண்டிவராது.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று உனக்கு இப்போது தெரிகிறதா. நீ யாரிடமும் சொல்லாதே என்று என் கையில் கொடுத்ததை எடுத்து, வேறொரு ஆள் முகத்தைப் போட்டுக்கொண்டு உன்மேலேயே வீசினேன். குற்றம் உன் உடம்பில் இல்லை, தோட்டாவில்தான் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று நீ ஏங்கிக்கொண்டிருந்தாய், அது எனக்கு மட்டும் தெரியும், அதனால்தான் அந்தக் கிழவர் சொன்னது உனக்கு அவ்வளவு பிடித்தது. மற்றவர்கள் தோட்டாவின் எடையும் வேகமும் பற்றிப் பேசினார்கள். நான் உன் புண் எங்கே என்று பார்த்துப் பேசினேன். அடுத்தடுத்து நீ கேட்கக் கேட்க, நானும் ஏறிக்கொண்டே போனேன். போல்ட் மாற்ற வேண்டிவருமே என்றாய், மாற்று என்றேன். மேகசினில் மூன்றுதான் கொள்ளும் என்றாய், ஒன்று போதும் என்றேன். உதை அதிகமாக இருக்காதா என்று ஒருதரம், ஒரே ஒருதரம் கேட்டாய். இரண்டு நாளில் பழகிவிடும் என்று எழுதினேன். உதையே தெரியாதவள் எழுதினேன்.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "நீ பார்க்கணும்மா, அந்த ஆளு எழுதுறது ரெண்டே வரி, ஆனா என் மனசுக்குள்ள இருக்கறத எடுத்து வைக்கிற மாதிரி இருக்கும்" என்று அரைமணி நேரம் ஓல்ட் ஸ்டாக் புராணம் பாடினாய். அன்றைக்கு உனக்கு நான் அனுப்பிய கருவாடு வந்து சேர்ந்ததா என்றுகூட நீ சொல்லவில்லை. போனை வைத்ததும் எனக்கு அந்தக் கிழவர்மேல் எரிச்சல் வந்தது. யார் இவன், என் மகன் மனசைப் படிக்க. உன் அப்பாவிடம் அப்படியே சொல்லிவிட்டேன், வேஷம் போட்டதையும் சேர்த்து. அவர் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"எடீ, நீயே ஒரு ஆளை உண்டாக்கி, அவன்கிட்டயும் அசூயப்படுறியா" என்றார். பிறகு, சிரிக்காமல், "கொசுவுக்குப் புகை போடறவ சொல்லி என் மோன் தோளு ஒடியணுமா? நீயே போய்ச் சொல்லு. நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிடும்" என்றார்.

நான் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளலாம், இன்னும் நாள் இருக்கிறது என்று இருந்துவிட்டேன். நீ வியாழக்கிழமை நாள் குறித்துவிட்டதாகச் சொன்னாய். வெள்ளிக்கிழமை மத்தியானம், அதே குடோன் படியில் உட்கார்ந்திருக்கும்போது, ஓல்ட் ஸ்டாக்குக்குத் தனியாக ஒரு செய்தி வந்திருந்தது. புதுக் கணக்கு, அன்றைக்குத்தான் தொடங்கியது, படம்கூடப் போடவில்லை. உன் மாமனார்.

அவர் எழுதியதை நான் நாலுதரம் மொழிபெயர்த்துப் பார்த்தேன், ஆப் ஏதாவது தப்பாகச் சொல்கிறதா என்று. இந்த மாதிரி இடத்தில் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்திருந்தார். மேக்னம் போடச் சொல்லி நீங்கள் யோசனை சொன்னீர்களே, அந்தப் பையன் தன் மருமகன் என்றார். அவன் சுடும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் மானைப் பார்ப்பதில்லை, அவன் முகத்தைத்தான் பார்ப்பேன் என்றார். ட்ரிகரை அமுக்குவதற்கு ஒரு நொடி முன்னால் அவன் கண் இரண்டும் மூடிக்கொள்கிறது, தோள் பின்னால் போகிறது, முதல் நாளிலிருந்தே பார்க்கிறேன், அதனால்தான் உதை குறைந்த தோட்டாவும் கனமான குழலும் சொன்னேன், காரணத்தைச் சொன்னால் பையன் கூசிப்போவான் என்று அவனிடம் சொல்லவில்லை. நீங்கள் அனுபவசாலி, உங்களுக்கே புரியும் என்றார். கடைசியில் இப்படி எழுதியிருந்தார்:

"அவன் என்னைவிட உங்கள் பேச்சைத்தான் கேட்கிறான். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான், மறைக்கவில்லை. இருந்தாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்."

மோனே, நான் அந்தப் படியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. மெஷினை எடுத்துக்கொண்டு போக வேண்டிய இரண்டு தெரு அப்படியே நின்றுபோய், ஹெல்த் இன்ஸ்பெக்டர் போன் பண்ணித் திட்டினார். நீ என்னிடம் மட்டும் சொன்னாய் என்று நான் பூட்டிவைத்திருந்தது அவரிடம் முன்னாலேயே இருந்தது. நீ சொல்லி அவருக்குத் தெரியவில்லை, பார்த்துத் தெரிந்திருக்கிறது. உன் கண் மூடுவதை அவர் பார்த்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. நீயே அறியாதது அது. இதுவரைக்கும் பட்ட பொறாமை எல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிட்டது. டை, கோட்டு, டாட் என்ற கூப்பாடு, எல்லாவற்றையும் அவருக்கே கொடுத்துவிடலாம். நீ கண்ணை மூடுகிற அந்த ஒரு நொடியில் பக்கத்தில் உட்கார்ந்து உன் முகத்தைப் பார்க்கிற வேலை, அதைத்தான் எனக்கு விட்டுக்கொடுக்க மனசில்லை. என்னுடையது என்று நினைத்திருந்த வேலை அது. பெற்றவளுக்கென்று இருக்கிற வேலை என்று நினைத்திருந்தேன். எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் அதைச் சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறார், உன்னிடம் அதற்கு ஒரு நன்றிகூடக் கேட்காமல்.

பதில் எழுதினேன். ஆப்பைத் தொடவில்லை, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். நான் வேட்டைக்காரன் இல்லை, அவன் அம்மா, பொறாமையில் சொன்னேன், மன்னிக்கணும். அரைமணி நேரம் ஒன்றும் வரவில்லை. கோபப்பட்டு உன்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவார் என்று காத்துக்கொண்டிருந்தேன். வந்தது ஒரே வரி. "அப்படியானால் நீங்கள் சொல்வதுதான் நல்லது, அவன் கூசமாட்டான்." அதற்குக் கீழே, ஒரு நிமிஷம் கழித்து, அவன் கண் உங்கள் கண் மாதிரி இருப்பதைப் படத்தில் பார்த்திருக்கிறேன் என்று இன்னொன்று. அதை எதற்கு எழுதினார் என்று எனக்குத் தெரியவில்லை. நல்ல மனசில்தான் எழுதியிருப்பார். அதுவும் எனக்குக் குத்தத்தான் செய்தது.

ஆகவே இதை ஓல்ட் ஸ்டாக் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். நீ கோழை இல்லை. உதைக்கப் போகிறது என்று தெரிந்தால் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்க்கும், அது உன் குணத்தைச் சேர்ந்தது இல்லை. அந்தப் பெண்மான் ஓடியது குண்டு சின்னதாக இருந்ததால் இல்லை, குண்டு போக வேண்டிய இடத்துக்குப் போகாததால். இதை ஒத்துக்கொள்ளக் கஷ்டமாக இருக்கும். ஒத்துக்கொண்டால்தான் அடுத்த மானுக்கு அந்தக் கதி வராது. மேக்னம் போட்டால் இன்னும் மோசமாக உதைக்கும், நீ இன்னும் முன்னாலேயே கண்ணை மூடுவாய், இன்னொன்று ஓடும். பட்டறைக்காரர் தோட்டா உட்காருகிற அறையைக் குழலுக்குள் ஒருதரம் பெரிதாக வெட்டிவிட்டால் பிறகு சின்னதாக்க முடியாது, அதனால்தான் திங்கட்கிழமைக்கு முன்னால் என்று உயிரை வாங்குகிறேன்.

பட்டறைக்காரரிடம் செவன் நாட் எயிட் என்று சொல்லு. போல்ட் அப்படியே இருக்கட்டும், மேகசின் அப்படியே இருக்கட்டும். டூ ஃபார்ட்டி த்ரீ இன்னும் மெதுவாக உதைக்கும்தான், ஆனால் நீ போகிற மலையில் இருக்கிற பெரிய மான், அதில் குண்டு கொஞ்சம் இடம் தப்பினாலும் விழாமல் ஓடிவிடும். மெல்லிய குழல் வேண்டாம், மிதமான கனம், இருபது இஞ்சு, முனையில் சத்தம் குறைக்கிற குழாய் மாட்ட மரை வெட்டச் சொல்லு. அந்தக் குழாயும் உதையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மலையில் தூக்கக் கொஞ்சம் பாரமாக இருக்கும், இருக்கட்டும், பாரமான துப்பாக்கி மெதுவாகத்தான் உதைக்கும். குழல்மேலே தோட்டாவின் பெயரைத் தெளிவாகப் பொறிக்கச் சொல்லு. வீட்டில் மிச்சம் இருக்கிற த்ரீ நாட் எயிட் பெட்டி ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளாதே, எல்லாவற்றையும் மாமனாரிடம் கொடுத்துவிடு. பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், அவசரத்தில் கை மாறினால் ஆபத்து. இதெல்லாம் நானும் பல இடத்தில் ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், இருந்தாலும் ஒருதரம் பட்டறைக்காரரிடமும் கேட்டுக்கொள். என்னை நம்பாதே என்று நானே சொல்ல வேண்டியிருக்கிறது பார்.

கடைசியாக ஒன்று. கண் மூடுகிற பழக்கம் குழல் மாற்றியதால் மட்டும் போகாது, அதற்கு ஒரு பயிற்சி இருக்கிறது. தோட்டாவை நீயே போடக்கூடாது. பக்கத்தில் இருக்கிறவர் போட்டுக் கொடுப்பார். சில தடவை உண்மைத் தோட்டா, சில தடவை மருந்தில்லாத வெற்றுத் தோட்டா, எது என்று உனக்குத் தெரியாது. வெற்றுத் தோட்டாவில் நீ துள்ளினால் உனக்கே தெரிந்துவிடும். துள்ளாத வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இதற்கு ஒரு ஆள் கூடவே இருக்க வேண்டும். போனில் முடியாது, வீடியோவில் முடியாது, எப்படியாவது முடியுமா என்று நான் தேடித்தேடிப் பார்த்தேன். உன் முகத்தையே பார்த்துக்கொண்டு பொறுமையாகத் தோட்டா போட்டுக்கொடுக்கிற ஆள் வேண்டும். மாமனாரிடம் கேள். உனக்குக் கூச்சமாக இருக்கும், அவருக்கு எல்லாம் தெரியும் என்று உனக்கு இப்போது தெரியுமே, அதனால் வாயைத் திறந்து கேள். அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

என் பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். எழுதினால் அது இன்னொரு பொய் ஆகும். நீ துள்ளாமல் சுடுகிற முதல் நாள் அவர்தான் பக்கத்தில் இருப்பார், அவர்தான் முதலில் பார்ப்பார், அவரிடம்தான் நீ முதலில் சிரிப்பாய். சரி. அவரிடம் சிரித்துவிட்டு, துப்பாக்கியைப் பத்திரமாக வைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு எனக்குக் கூப்பிடு. இரண்டாவதாகச் சொன்னால் போதும். ஆனால் அன்றைக்கே சொல்லு.